அந்த நாலு பேருக்கு ஒரு மொய்

போன ஆடியில் பேராவூரணிப் பக்கம் ஒரு மொய் விருந்து. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: கல்யாணம், காதுகுத்து என்று எந்தச் சாக்கும் இல்லாமல், மொய் வாங்குவதற்கென்றே கிடா வெட்டிப் போடுகிற விருந்து இது. பட்டுக்கோட்டை, பேராவூரணி தொடங்கிப் புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு வரைக்கும் ஆடி பிறந்தால் இதுதான் பருவம். பந்தல் வாசலில் மேசை, மேசை மேல் நீள நோட்டு, நோட்டுக்குப் பின்னால் காதில் பேனா செருகிய ஒருவர். என் முறை வந்ததும் பழைய நோட்டைப் புரட்டினார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "ஒங்க அப்பா 89-ல 51 ரூவா எழுதியிருக்காரு. ஒங்க பெரியப்பா எழுதல."

பெரியப்பா செத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. ஊர் இன்னும் அவரை விடவில்லை.

இலையில் உட்கார்ந்த பிறகும் அந்த நோட்டுதான் மனசில் ஓடியது. என்ன ஞாபகம்! யார் மாடு யார் வரப்பில் வாய் வைத்தது, யார் மகளுக்கு எத்தனை பவுன் பேசி எத்தனை பவுன் போட்டார்கள், காலேஜுக்குப் போகிற பெண் மினிபஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாள், இறங்கும்போது சிரித்தாளா, சிரித்தால் பல் தெரிந்ததா. எல்லாம் பதிவாகிறது. ராஜராஜன் கல்லில் வெட்டி வைத்தான். அவன் குடிகளாகிய நாங்கள் வாயில் வெட்டி வைத்திருக்கிறோம்.

இப்பேர்ப்பட்ட தஞ்சாவூர் மாவட்டத்தில்தான் ஒருவன் சின்னப் பிள்ளைகளைச் சீரழித்து, அதைப் படம்பிடித்து, வெளியே சொன்னால் ஊரே பார்க்கும்படி போட்டுவிடுவேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தான். எழுதப் படிக்கத் தெரியாதவன் இல்லை. முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவன். யார் கண்டுபிடித்தார்கள்? பக்கத்து வீடா, எதிர் வீடா, திண்ணையிலிருந்தே தெருவை அளந்துவிடுகிற பெரியவர்களா? யாருமில்லை. அந்தப் படங்கள் இணையத்தில் ஏறி, உலகத்துப் போலீசுக்கெல்லாம் பொதுவான இன்டர்போலின் தரவுத்தளத்தில் சிக்கின. இன்டர்போலின் தலைமையகம் பிரான்சில் லியோன் நகரத்தில் இருக்கிறது. அந்த வழியாகத் தகவல் டெல்லிக்கு, சிபிஐக்கு வந்தது. 2023 மார்ச்சில் சிபிஐ தஞ்சாவூருக்கு வந்து அவனைப் பிடித்தது. பிறகு தஞ்சாவூர் போக்சோ நீதிமன்றம் ஐந்து ஆயுள் தண்டனை கொடுத்தது.

லியோனுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத் தெரியவில்லை. 51 ரூபாயைப் பிடித்துவைத்திருக்கிற நோட்டு, பிள்ளைகளை விட்டுவிட்டது. ஏனென்றால் நம் கண்ணெல்லாம் பெண்பிள்ளைகளின் துப்பட்டா மேலே இருந்தது. பெரிய மனுஷனின் கை எங்கே போகிறது என்று பார்க்க அதற்கு ஓய்வில்லை. காவிரி குடகில் பிறந்து இத்தனை அணை தாண்டி நம் வாசலுக்கு வருவதைப் பெருமையாகப் பேசுகிறோம். நம் பிள்ளைகளின் அழுகை கடல் தாண்டிப் போய், லியோன் பக்கமெல்லாம் சுற்றி, டெல்லி வழியாக நம் வாசலுக்கே திரும்பி வந்ததை எந்த விழா மேடையிலும் பேசக் காணோம்.

சின்ன வயசில் எதற்கெடுத்தாலும் வீட்டில் "நாலு பேரு பாத்தா என்ன நெனைப்பாங்க" என்பார்கள். அந்த நாலு பேர் யார் என்று நான் கேட்டதில்லை. ஐந்தாவது ஆள் ஏன் ஒன்றுமே நினைக்கமாட்டார் என்றும் கேட்டதில்லை. ஐம்பது வயசுக்கு மேல்தான் தேட ஆரம்பித்திருக்கிறேன். ரேஷன் கார்டில் பெயர் கிடையாது, வாக்காளர் பட்டியலில் பெயர் கிடையாது. ஒரு பெண்ணின் பள்ளிக் கட்டணத்தில் நாலணா கட்டியதாக ரசீது கிடையாது. ஆனால் அதிகாரத்தில் மாவட்ட ஆட்சியரே அவர்களிடம் பிச்சை வாங்கவேண்டும். ஆட்சியர் போடுகிற தடை உத்தரவு சில நாளில் தளர்ந்துவிடும். நாலு பேர் போட்ட தடை பேத்தி காலம் வரைக்கும் நிற்கும்.

அந்த விருந்தில் சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போனேன். தொட்டியடியில் அண்ணன் மகள் நின்றுகொண்டிருந்தாள். பன்னிரண்டாவது படிக்கிறாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "சித்தப்பா, இன்ஸ்டால யாராச்சும் ஒரு பொண்ணு போட்டோவ வேற மாதிரி மாத்திப் போட்டா, அத எங்க சொல்லணும்?"

நான் பத்திரிகையில் எழுதுகிறவன். பெண் உரிமை பற்றி இரண்டு கருத்தரங்கில் பேசியிருக்கிறேன். பொன்னாடைகூட வீட்டில் இருக்கிறது. என் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான்: "நீ எதுக்கு போட்டோ போட்ட?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நான் இல்ல சித்தப்பா. ஃப்ரெண்டு ஒருத்தி."

"யாரு அவ? யாரு மக?"

"ஒண்ணுமில்ல சித்தப்பா, சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குள் போய்விட்டாள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் சைபர் குற்றத்துக்கு 1930 என்று ஓர் எண் இருப்பதும், குழந்தைகளுக்கு 1098 இருப்பதும் ஞாபகத்துக்கு வந்தன. 'யாரு மக' என்ற கேள்வி மட்டும் ஞாபகப்படுத்தாமலே வந்தது.

ஆக, தேடிய நாலு பேரில் ஒருவர் அகப்பட்டுவிட்டார். அன்றைக்கு என் சட்டையைத்தான் போட்டிருந்தார்.

வழிப்பறிக்காரனுக்குக் கூட முதலீடு தேவை. பட்டறைக்குப் போய்க் காசு கொடுத்துக் கத்தி வாங்கவேண்டும், மறைத்து வைக்கவேண்டும், துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். போனில் பிள்ளைகளை மிரட்டுகிறவனுக்கு இந்தச் செலவெல்லாம் இல்லை. கத்தி அந்தப் பிள்ளையின் வீட்டிலேயே இருக்கிறது. அவன் பேசுகிற பேச்சைக் கவனியுங்கள். 'கொன்னுடுவேன்' என்று அவன் சொல்வதே இல்லை. 'ஒங்க அப்பாவுக்கு அனுப்பிடுவேன்' என்கிறான். போலீசுக்குப் போனால் மாட்டுகிறவன் அவன். அப்பாவுக்குப் போனால் மாட்டுகிறவள் அவள். இந்தக் கணக்கை எந்த நாட்டு மோசடிக் கும்பலும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. இந்த ஊரில்தான் வளர்ந்தான். தன் அக்காவை, தங்கையை வீட்டில் என்ன செய்தார்கள் என்று பார்த்துத்தான் வளர்ந்தான்.

அவளும் ஒரு கணக்குப் போடுகிறாள். பதினாறு வயசுக் கணக்கு, தப்பே வராது. சொன்னால் முதலில் போன் போகும். அப்புறம் பள்ளிக்கூடம் போகும். தையில் அத்தை மகனுக்குப் பேசி முடிப்பார்கள். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்வாள். அண்ணன் என்ன செய்வான் என்று நினைக்கவே பயம். சொல்லாவிட்டால்? அவன் கேட்கிற இன்னொரு படம். எது குறைந்த தண்டனை என்று பார்த்து அதை எடுத்துக்கொள்கிறாள். அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கடுத்து நேரில் வரச்சொல்வான். இதற்குப் பெயர் 'ஆன்லைன் பிரச்சினை' என்கிறார்கள். போனுக்குள்ளேயே முடிந்துவிடுகிற மாதிரி! அவன் வரச்சொல்கிற இடம் பம்ப்செட் கொட்டகை. அதற்குக் கூரை இருக்கிறது, கதவு இருக்கிறது, உள்பக்கத் தாழ்ப்பாளும் இருக்கிறது.

பையன்களும் மாட்டுகிறார்கள். ராத்திரி யாரோ ஒரு பெண் பெயரில் வீடியோ கால் வரும். எடுத்தவன் முகம் பதிவாகும். காலையில் ஜிபே எண் வரும். பையன் ஆண்பிள்ளை என்பதால் அழவும் கூடாது. இதே பையன்களில் சிலர்தான் வகுப்புப் பெண்களுக்கு மார்க் போடுகிற பக்கங்களைப் பெயரில்லாமல் நடத்துகிறவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாதிப் பாட்டு வைத்து அரிவாளோடு ரீல்ஸ் போடுகிறவனைப் பார்த்து, "எம்புள்ள போனெல்லாம் நல்லா ஓட்டுறான்" என்று பூரிக்கிற தகப்பனையும் நான் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர்க் கதை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேட்டூரில் ஜூன் 12-இல் மதகைத் தூக்கினால் கல்லணைக்கு வரச் சில நாள். அங்கிருந்து கல்லணைக் கால்வாயில் பிரிந்து, தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை தாண்டிக் கடைமடைக்கு வர வாரக்கணக்கு. சில வருஷம் வராமலே போகும். முறை வைப்பார்கள். நாம் மறியல் செய்வோம். அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கி, "வந்துகிட்டே இருக்கு" என்பார். கடைமடைக்கு முறை வைக்காமல், மறியல் செய்யாமல், கேட்காமலே பாய்ந்து வருகிற ஒன்றே ஒன்று வாட்ஸ்அப் வீடியோ.

2023 டிசம்பர் 31 அன்று ஒரு வீடியோ அப்படி வந்தது. பட்டுக்கோட்டை வட்டாரத்திலிருந்து திருப்பூருக்கு வேலைக்குப் போன ஒரு பையனும் பெண்ணும், இருவருக்கும் 19 வயது, பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம், நண்பர்கள் சூழத் தாலி கட்டிக்கொண்டார்கள். பையன் பட்டியல் சாதி. பெண் அப்படியில்லை. கூட இருந்த யாரோ ஆசையாகப் போனில் எடுத்தார்கள். கல்யாண வீடியோ எடுப்பது குற்றமா? அந்த ஆசை அங்கிருந்து கிளம்பி ஊருக்கு வந்தபோது அதன் பெயர் மாறிவிட்டது. 'மானம்' என்று ஆகிவிட்டது. வீட்டார் திருப்பூர் பக்கத்துப் பல்லடத்துக்குப் போனார்கள், காவல் நிலையத்தில் புகார். சட்டப்படி வயதுக்கு வந்த பெண். ஜனவரி 2-இல் அந்தக் காவல் நிலையம் அவளை அப்பாவோடு அனுப்பிவைத்தது. 3-ஆம் தேதி அவள் உயிரோடு இல்லை. உடலையும் எரித்துவிட்டார்கள். பெற்றவர்கள் கைதானார்கள். பல்லடம் ஆய்வாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். கணவனான பையன் சாதாரணமாகக் கல்யாணமாகி மூன்றாம் நாள் மறுவீட்டுக்குப் போயிருக்கவேண்டியவன். காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதிக்கொடுத்தான்.

கொலை வழக்கில் பேர் ஏறியவர்களைப் பற்றி நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். எனக்கு வேறொருவரைத் தேட வேண்டியிருக்கிறது. அந்த வீடியோவைக் குழுவிலிருந்து குழுவுக்குத் தள்ளியவர். அவர் அரிவாள் தூக்கவில்லை. கயிறு வாங்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து கட்டைவிரலை ஒரு தடவை அழுத்தினார், அவ்வளவுதான். 'பாத்தீங்களா மாப்ள' என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். கூப்பிய கைப் படம் ஒன்றும் சேர்த்திருக்கலாம். டீயை முடித்துவிட்டு நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருப்பார். அவர் மேல் வழக்கு இல்லை, அவர் மனசிலும் இல்லை. பிறகு நடந்ததைக் கேட்டு, "அடப்பாவிகளா, புள்ளய கொன்னுட்டாங்களே" என்று உண்மையாகவே கண்ணைத் துடைத்திருப்பார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. அதுதான் ஆத்திரமே.

வதந்தி பரவி ஆட்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று 2018-இல் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் தள்ள முடியாது. அமெரிக்காவில் உட்கார்ந்து பெரிய மூளைகள் யோசித்த திட்டம். நம் தேவை நாலு பேர்தான் என்பது பாவம், அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

பெண் உயிரோடு இருந்தால்தான் பார்ப்பார்கள் என்று நினைக்கவேண்டாம். 2022 ஜனவரியில் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் விடுதியில் தங்கிப் படித்த 17 வயது மாணவி இறந்துபோனாள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவள் பேசியதை யாரோ போனில் எடுத்திருந்தார்கள். இறந்த மறுநாளிலிருந்து அது நாடு முழுக்கப் போனது. பெயர், முகம், ஊர், எல்லாம். சிறுமியின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. மாவட்டக் காவல்துறையும் எச்சரித்தது. அவள் பெயரிலேயே நீதி கேட்டு ஹேஷ்டேக் போட்டவர்கள் தலைவர்கள்! மதமாற்றம்தான் காரணம் என்று ஒரு பக்கம் முழங்கினார்கள். இல்லை என்று மறுபக்கம் முழங்கினார்கள். இரண்டு முழக்கத்துக்கும் நடுவில் அந்தப் பிள்ளையின் முகம் கோடிப் போன்களில் மினுங்கிக்கொண்டிருந்தது. உயர்நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. மதமாற்றத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2024-இல் சிபிஐ சொன்னது. அந்தச் செய்தி என் குழுக்கள் எதிலும் வரவில்லை. கடைமடைக்கு வராத தண்ணீர் போல வழியிலேயே எங்கோ வற்றிவிட்டது.

சரி, புகார் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்ப்போம். நம் நாலு பேரில் ஒருவர் காக்கி போட்டிருக்கிறார் என்பது எனக்குக் கொஞ்சநாளாகவே சந்தேகம்.

2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் ஒரு பட்டதாரிப் பெண். 21 வயது. அவள் முகத்தை வேறு உடம்பில் ஒட்டி ஒருவன் ஃபேஸ்புக்கில் போட்டான். அப்பா காவல்துறைக்கு ஓடினார். விசாரிக்கிறோம் என்றார்கள். சைபர் பிரிவுக் காவலர் ஒருவர் வேலையை முடிக்க லஞ்சமாக என்ன கேட்டார் தெரியுமா? ஒரு செல்போன். போனால் அழிந்துகொண்டிருந்த பெண்ணின் அப்பாவிடம் போன்! இந்த அளவுக்கு நகைச்சுவை எழுத எனக்கு வராது. அடுத்த படமும் வந்தது. சில நாளில் அவள் இறந்துபோனாள். பெற்றவர்கள்கூடத் தன்னை நம்பவில்லை என்பது அவள் எழுதிவைத்த கடிதத்தின் சாரம். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் மன்னிப்புக் கேட்டார். அந்தக் காவலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். காலம் கடந்து வந்தாலும் மன்னிப்பு என்று ஒன்று வந்தது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் படத்தை ஒட்டியவன் ஒருவன். 'நெருப்பில்லாம புகையுமா' என்று கேட்டவர்கள் எத்தனை பேர் என்று எந்த வழக்கிலும் எண்ணவில்லை.

2019-இல் பொள்ளாச்சி. பெண்களை நம்பவைத்து அழைத்துப்போய், சீரழித்து, படமெடுத்து, மிரட்டிய கும்பல். துணிந்து புகார் கொடுத்த பெண்ணின் பெயரைப் பத்திரிகையாளர் கூட்டத்தில் சொன்னவர் யார்? மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். அரசாணையிலும் பெயர் அச்சாகி வந்தது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை கோபப்பட்டு 25 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கு. முதல் தகவல் அறிக்கை அவள் விவரத்தோடு காவல்துறையின் இணையதளத்திலேயே ஊருக்கெல்லாம் திறந்துகிடந்தது. தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். உயர்நீதிமன்றம் மறுபடி 25 லட்சம் என்றது. நெல்லுக்கு ஆதார விலையை உயர்த்தச் சொல்லித் தொண்டை வறண்டுபோன விவசாயிகளே, பாருங்கள்: பெண்ணின் பெயரை வெளியே விடுவதற்கு ஐந்து வருஷத்தில் ஒரு ரூபாய்கூட ஏறாத நிலையான விலை இருக்கிறது. வாங்குகிறவர் அரசாங்கம், விளைகிற இடம் காவல் நிலையம். ஈரப்பதம் பார்ப்பதில்லை.

பொள்ளாச்சித் தீர்ப்பு 2025 மே 13-இல் வந்தது. ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள். ஆறு வருஷம். சாட்சி சொன்ன பெண்கள் அந்த ஆறு வருஷமும் பிறழாமல் நின்றார்கள் என்பதை எழுதும்போதுதான் இந்தக் கட்டுரையில் முதல்முறையாக என் கை நடுங்காமல் இருக்கிறது.

அதே 2025 ஜூலையில் இன்னொன்று. ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்க வீடியோவை யாரோ பரப்பிவிட்டார்கள். சட்டம் படித்தவள், துணிச்சல்காரி, புகார் கொடுத்தாள். குற்றவாளியை அடையாளம் காட்டச் சொல்லி ஏழு ஆண் போலீசார் கூட இருக்க அவளை அதைப் பார்க்கவைத்தார்கள். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் மனம் நொந்து கண்டித்தார். 48 மணி நேரத்தில் அகற்றச் சொல்லி மத்திய அரசுக்கு உத்தரவு போட்டார். நாலு பேருக்குப் பயந்து வீட்டுக்குள் கிடக்காதே, தைரியமாக ஸ்டேஷனுக்குப் போ என்று பெண்களுக்குச் சொல்கிறோம். போனால் அங்கே ஏழு பேர்.

நீதிமன்றமும் எப்போதும் கோயிலாக இருந்துவிடவில்லை. சிறார்களின் பாலியல் படங்களைப் போனில் இறக்கி வைத்திருந்த ஒருவர் மேலிருந்த வழக்கை 2024 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. வெறுமனே வைத்திருந்து பார்ப்பது குற்றமாகாது என்றது அந்தத் தீர்ப்பு. எழுதியவர் மேலே சொன்ன அதே நீதிபதிதான்; மனுஷர்கள் சிக்கலானவர்கள். 2024 செப்டம்பர் 23-இல் உச்சநீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. அழிக்காமல், புகார் சொல்லாமல் வைத்திருப்பதே குற்றம் என்றது. 'குழந்தை ஆபாசப்படம்' என்ற சொல்லையே விட்டுவிடுங்கள், அது சுரண்டலும் கொடுமையும்தான் என்றது. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. குழந்தைக்கு இப்படி நடக்கிறது என்று தெரிந்த எவரும் சொல்லியாகவேண்டும்; சொல்லாதவருக்கு 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. இந்தப் பிரிவுகளை ஊர் ஊராக நேர்மையாக அமல்படுத்தினால் தஞ்சாவூர் ஜில்லாவில் நாற்று நட ஆள் கிடைக்காது.

கடைசியாக விழிப்புணர்வு முகாமைச் சொல்லாமல் விட்டால் என்னை யாரும் மன்னிக்கமாட்டார்கள். ஒரு கல்லூரியில் அப்படி ஒன்றுக்குப் போயிருந்தேன். குத்துவிளக்கு, பன்னீர், சால்வை. பெண்களை முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். பையன்கள் வெளியே கிரிக்கெட். சிறப்பு விருந்தினர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார். கண்மணிகளே, புரொஃபைலில் படம் வைக்காதீர்கள். ரோஜாப்பூ வையுங்கள். அம்மன் படம் வையுங்கள். தெரியாதவரிடம் பேசாதீர்கள். தெரிந்தவரிடமும் அளவாகப் பேசுங்கள். பெற்றவர்கள் மனம் கோணாமல் நடங்கள். நாற்பது நிமிஷம். படத்தை மாற்றுகிறவனுக்கு ஒரு வார்த்தை இல்லை. புகார் கொடுத்தால் 24 மணி நேரத்தில் நிறுவனம் இப்படிப்பட்ட படத்தை எடுத்தாகவேண்டும் என்று 2021-இல் விதி வந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முடிவில் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுத்து, அதில் மாணவிகள் முகமெல்லாம் பளிச்சென்று தெரிய, ஃபேஸ்புக்கில் போட்டார்கள்.

டெல்டா விவசாயி எலியைப் பற்றி முகாம் நடத்தினதில்லை. சம்பா பால்பிடிக்கும்போது எலி இறங்கினால் மூங்கிலை வளைத்துக் கிட்டி வைப்பான். தஞ்சாவூர்க் கிட்டி என்றால் வேளாண் படிப்பு படித்தவர்களுக்கும் தெரியும். விடியற்காலையில் போய்ப் பார்த்தால் எலி கழுத்து நெரிந்து கிடக்கும். எந்தக் கிழவனும் வரப்பில் நின்று நெல்லைப் பார்த்து, 'நீ ஏன்டி கதிர் வாங்குன' என்று கேட்டதாக எங்கள் பக்கம் கேள்விப்பட்டதில்லை.

நாலு பேரைத் தேடி எங்கே வந்து நிற்கிறேன்? நான் ஒருத்தன். டீக்கடை மாப்பிள்ளை ஒருத்தர். காக்கியில் ஏழு பேர். சால்வை போட்டவர். ஹேஷ்டேக் தலைவர்கள். எண்ணிக்கை எப்போதோ நாலைத் தாண்டிவிட்டது. மொய் நோட்டுக்காரரைக் கூப்பிட்டு எழுதச் சொல்லவேண்டியதுதான். அவர்தான் யாரையும் விடமாட்டார்.

அண்ணன் மகளுக்கு மறுநாளே போன் செய்தேன். எடுக்கவில்லை. 1930, 1098 இரண்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கூடவே, யார் என்ன என்று கேட்கமாட்டேன் என்றும் எழுதினேன். நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. மாசியில் அவள் வகுப்பிலேயே ஒரு பெண்ணுக்குப் பாதிப் படிப்பில் நிச்சயம் ஆகிவிட்டதாக அண்ணி வேறெதையோ பேசும்போது சொன்னாள். "ஏனாம்?" என்றேன். "என்னமோ போன் வெவகாரமாம், நல்ல எடந்தான்" என்றாள்.

இந்த ஆடியிலும் விருந்துக்குப் போனேன். நோட்டுக்காரர் போன வருஷக் கணக்கைச் சரியாகச் சொன்னார். பந்தியில் அண்ணன் மகள் பரிமாறிக்கொண்டிருந்தாள். என் இலைக்கு வந்ததும் ஒரு நொடி நின்றாள். நானும் நிமிர்ந்தேன்.

"ரசம் ஊத்தவா சித்தப்பா?" என்றாள்.